சட்டக்காரரும் சாம்பல் நிற ஃபெல்ட்டும்

அவர் செய்த ஸ்பீக்கர் பெட்டியை ஆயிரம் பெட்டிகளுக்கு நடுவே வைத்தாலும் கண்டுபிடித்துவிடலாம். முகப்பைச் சுற்றி, புகைப்படத்துக்குப் போடுவது போல, அரை அங்குல உயரத்துக்கு ஒரு தேக்குச் சட்டம் எழுந்து நிற்கும். நான்கு மூலைகளிலும் நகம் நுழைய இடம் இருக்காது. அந்தச் சட்டத்தால்தான் தெருவில் அவருக்குச் சட்டக்காரர் என்று பெயர். புதிதாகக் குடிவந்த ஒருவர் இவரை வக்கீல் என்று நினைத்து, பக்கத்து வீட்டுக்காரரின் சுவர்த் தகராறைக் கொண்டு வந்து ஒரு மணி நேரம் சொல்லி அழுத கதையும் உண்டு. இவர் பாதியில் நிறுத்தாமல் முழுவதும் கேட்டுவிட்டு, "சுவரை அளந்து தரேன், வழக்கு மட்டும் வேற யாராவது பாக்கட்டும்" என்றாராம்.

முப்பது வருடம் மரத்தோடு வாழ்ந்தவர். கோணலைக் கண்டால் அவருக்குத் தூக்கம் வராது. பிறர் வீட்டுக்குப் போனால் சுவரில் தொங்கும் காலண்டரை நேராக்கிவிட்டுத்தான் உட்காருவார்.

அவர் மனைவி பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். இருபத்தாறு வருடம், எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று ஊருக்கே சொன்னவர். இவர்கள் கல்யாணமே அந்தக் குரலால் நடந்ததுதான். காத்திருப்புக் கூடத்துக்குப் புதிய ஸ்பீக்கர் பெட்டிகளை மாட்ட வந்த இளம் தச்சர், வீடு திரும்ப வேண்டிய வண்டி புறப்படுகிறது என்று அந்தக் குரல் சொல்லச் சொல்ல, குரலைக் கேட்டுக்கொண்டே நின்று வண்டியைத் தவறவிட்டார். ஒரு நாள் அல்ல, மூன்று நாள். நான்காம் நாள் கண்ணாடி அறையின் கதவைத் தட்டி, "நீங்க அறிவிக்கறதை நிறுத்தினாத்தான் நான் வீடு போய்ச் சேர முடியும்" என்றார். உள்ளே இருந்தவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு தவறுதலாக ஒலிபெருக்கியிலும் போய், நிலையம் முழுக்கக் கேட்டது.

அந்தக் குரலுக்குத்தான் அந்தக் கேடு வந்தது.

தொண்டையில் ஒரு கட்டி. குரல்வளையை எடுத்தால்தான் உயிர் தங்கும் என்றார் மருத்துவர். நான்கு வாரம் கழித்து அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார். சட்டக்காரர் மருத்துவமனைப் படியிலேயே உட்கார்ந்து அழுதார். மனைவி அழவில்லை. மறுநாளிலிருந்து வேலை முடிந்ததும் தன் கண்ணாடி அறையிலேயே தினமும் அரை மணி நேரம் இருந்து, ஒலிப்பதிவுக் கருவியின் முன்னால் பேச ஆரம்பித்தார்.

"நான் பேசாத வீட்டுல உங்களால இருக்க முடியாதுங்க. உங்களைத் தெரியாதா எனக்கு?"

பெரிதாக எதையும் பேசவில்லை அவர். செய்தித்தாள் படித்தார். மளிகைச் சாமான் பெயர்களைச் சொன்னார். கணவரைத் திட்டினார். நடுவில் விக்கல் வந்தபோது அதையும் நிறுத்தாமல் பதிந்தார். தினமும் வீட்டில் சொல்கிற வார்த்தைகளையெல்லாம், வீட்டில் சொல்கிற மாதிரியே சொல்லி வைத்தார். மொத்தம் பதினோரு மணி நேரம்.

ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். "கேட்டுப் பார்த்து எனக்குப் பிடிக்கலைன்னா அழிச்சிடணும். என் தலைமேல அடிச்சு சத்தியம் பண்ணுங்க."

இவர் சத்தியம் செய்தார். பிடிக்காமல் எப்படிப் போகும்?

அறுவை சிகிச்சை முடிந்து, கழுத்துக் காயம் ஆறி, மூன்றாவது மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சட்டக்காரர் தன் கையால் செய்த ஆகச் சிறந்த ஜோடிப் பெட்டிகளைக் கூடத்தில் வைத்தார். எதிரே மனைவியை நாற்காலியில் உட்கார வைத்தார். துணைக்கு வந்திருந்த மனைவியின் தங்கை பக்கத்தில் நின்றாள். துணிக்கடையில் பில் போடுகிறவள். வாயை மூடத் தெரியாதவள். அக்காவுக்காகப் பத்து நாள் விடுப்பு எடுத்து வந்திருந்தாள்.

பதிவு ஓடியது. "என்னங்க, கேக்குதா?" என்றது குரல்.

அக்காவின் முகம் மாறியது. வார்த்தையெல்லாம் சரிதான். ஆனாலும் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் அதே சொல்லின் மங்கலான நிழல் ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. ச, ஷ என்று வரும் இடமெல்லாம் கிழிந்த துணி போலச் சிதறியது. குரல் நாற்காலிக்கு எதிரே வரவில்லை. இரண்டு பெட்டிகளுக்குள் அடைபட்டு, பலகைக்குப் பின்னாலிருந்து பேசியது. இருபத்தாறு வருடம் ஹெட்ஃபோனில் தன் குரலைத் தானே கேட்டுப் பழகியவர் அவர். தன் குரல் வெளியில் எப்படி ஒலிக்கும் என்று உலகத்தில் மிகச் சிலருக்குத்தான் தெரியும், அவருக்குத் தெரியும்.

அவர் எழுந்துபோய்ச் சிலேட்டை எடுத்தார். சுண்ணக்கட்டி கிறீச்சிட்டது.

'இது நான் இல்ல. பெட்டிக்குள்ள செத்துப் போனவ பேசற மாதிரி இருக்கு. அழிச்சிடுங்க.'

சட்டக்காரர் சிலேட்டைப் படித்தார். பிறகு, வண்டியை நிறுத்தச் சொல்லி ஓடி வரும் பயணியைப் போலக் கை இரண்டையும் தூக்கினார்.

"பத்து நாள் குடு. உன் தங்கச்சி ஊருக்குப் போற வரைக்கும். அதுக்குள்ள சரி பண்ணலைன்னா நானே அழிச்சிடறேன்."

மனைவி அந்தச் சிலேட்டைத் துடைக்கவில்லை. சமையலறை வாசல் ஆணியில் அப்படியே மாட்டிவிட்டு, மற்ற பேச்சுக்கெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டார். பத்து நாளும் அந்த மூன்று வரிகள் கணவரைப் பார்த்துக்கொண்டே தொங்கின.

முதல் இரண்டு நாள் சட்டக்காரர் ஒயர்களை மாற்றினார். பிரயோசனமில்லை. மூன்றாம் நாள் பெட்டியின் முதுகைத் திறந்து உள்ளே பஞ்சை அடைத்தார். குரல் போர்வைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. பஞ்சைப் பாதி எடுத்தார். அடுத்த நாள், உயர்ந்த ஒலிகளைத் தரும் அந்தச் சின்ன ஸ்பீக்கரை, ட்வீட்டரை, நண்பரிடம் கடன் வாங்கிய விலை உயர்ந்த ஒன்றால் மாற்றினார். அதிலும் அதே நிழல்.

ஐந்தாம் நாள் மச்சினி காதில் இயர்ஃபோனை மாட்டிக்கொண்டு பதிவைக் கேட்டாள்.

"அத்தான், என் ஃபோன்ல நல்லாத்தானே இருக்கு! சாட்சாத் அக்காவே காதுல வந்து திட்டற மாதிரி இருக்கு."

"ஃபோன்ல நல்லா இருக்கா?"

"ஆமா. அப்போ பதிவுல கோளாறு இல்ல. கோளாறு எங்கன்னு நான் சொல்ல மாட்டேன். சொன்னா நீங்க உளியைத் தூக்கிட்டு வருவீங்க."

"என் பெட்டியைக் குறை சொல்றியா? முப்பது வருஷமா ஒருத்தன் சொன்னதில்ல."

"வாங்கினவங்கல்லாம் பாட்டு கேட்டாங்க அத்தான். யாரும் பொண்டாட்டியைக் கேக்கல."

அவருக்குச் சுருக்கென்று தைத்தது. இயர்ஃபோனை வாங்கி மனைவியிடம் நீட்டினார். "இதுல கேட்டுக்கலாமே, இல்லையா?"

மனைவி நோட்டில் எழுதிக் காட்டினார்: 'காதுக்குள்ள நான் வேண்டாம். வீட்டுக்குள்ள வேணும்.'

அன்றைக்குச் சட்டக்காரர் மதியம் சாப்பிடவில்லை.

எட்டாம் நாள் மதியம். பெட்டியை மேஜைமேல் வைத்து, கன்னத்தில் கை வைத்து, ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருப்பவரைப் போல அதன் எதிரே உட்கார்ந்திருந்தார். மனைவி வெகுநேரம் சமையலறை வாசலில் நின்று அவரைப் பார்த்தார். பிறகு உள்ளே போய்ப் பரண் ஓரத்திலிருந்த அட்டைப் பெட்டியை இழுத்து வந்தார். நிலையத்திலிருந்து அவருடைய பொருட்களைக் கட்டி அனுப்பிய பெட்டி அது. தண்ணீர் குடிக்கும் டம்ளர், பேனாக் கூடு, எல்லாவற்றுக்கும் அடியில் மடித்து வைத்த ஒரு சாம்பல் நிற விரிப்பு. ஆட்டு ரோமத்தை நெய்யாமல், நனைத்து அழுத்தி அழுத்தியே தடிமனாக்கிய ஃபெல்ட். ஓரமெல்லாம் பூச்சி அரித்து நைந்திருந்தது.

"அக்கா, இதை ஏன் தூக்கிட்டு வர? மிதியடி கூட இதைவிட நல்லா இருக்கும்" என்றாள் தங்கை.

அக்கா விரிப்பை மேஜைக்குக் கொண்டு போனார். மேஜை முன்னால் உட்கார்ந்தார். வாயின் முன் ஒரு கையை மைக் போல வைத்துக்கொண்டார். இன்னொரு கையால் வெறும் மேஜையை விரல் மடக்கித் தட்டினார். டக், டக். ஃபெல்ட்டை விரித்து அதன்மேல் தட்டினார். சத்தமே இல்லை. பிறகுதான் நோட்டை எடுத்தார். நிதானமாக எழுதினார், இருவரும் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தார்கள்.

'முதல் நாள் வேலைக்குப் போனப்போ பெரியம்மா ஒருத்தங்க சொன்னாங்க. குரல் நேரா மைக்குக்கும் போகும். மேஜையில பட்டும் போகும். ரெண்டாவது கொஞ்சம் லேட்டா வரும். ரெண்டு பேர் பேசற மாதிரி கேக்கும். இதை விரிச்சா ஒருத்தி மட்டும்தான். இருபத்தாறு வருஷம் இது மேலதான் பேசினேன்.'

அடியில் ஒரு வரி இடம் விட்டு எழுதினார்:

'உங்க சட்டமும் ஒரு மேஜைதான்.'

சட்டக்காரர் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். தான் பெற்ற பிள்ளையைப் பற்றிக் காவல் நிலையத்தில் சொல்லக் கேட்ட தகப்பனின் பார்வை அது. முகப்புப் பலகையில், ட்வீட்டரின் பக்கத்தில் விரலை வைத்தார். விரலை மெல்ல ஓரத்துக்கு நகர்த்தினார். அரை அங்குலத் தேக்குச் சட்டத்தில் விரல் இடித்து நின்றது.

"ஒலி முன்னால மட்டும் போகல..." என்றார், தனக்குத் தானே. "பலகையோட ஒட்டிக்கிட்டுப் பக்கத்துலயும் ஓடுது. ஓடிப் போய் இங்க இடிக்குது. இடிச்ச இடத்துலேர்ந்து மறுபடி ஒண்ணு கிளம்புது. நாலு பக்கமும்... ஐயோ, நாலு பக்கமும் நானே சுவர் கட்டி வச்சிருக்கேனே!"

முப்பது வருடம். எத்தனை பெட்டிகள்! எத்தனை வீடுகள்! எந்தச் சட்டத்தைத் தடவித் தடவிப் பெருமைப்பட்டாரோ, அதுவே குரலை மறித்துத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. அவர் கண்ணில் நீர் கோத்தது.

மனைவி கத்தரிக்கோலை எடுத்தார். இருபத்தாறு வருடம் தன் மூச்சைத் தாங்கிய அந்த விரிப்பை ஒரு கணம் தடவிப் பார்த்தார். பிறகு யோசிக்காமல் இரண்டாக வெட்டினார். ஒரு பாதியின் நடுவில் கோணலும் மாணலுமாக ஓர் ஓட்டை போட்டு, ட்வீட்டர் மட்டும் வெளியே தெரிய, சட்டத்தையும் பலகையையும் மூடிப் பெட்டியின் முகப்பில் குண்டூசிகளால் குத்தினார். பார்க்கச் சகிக்கவில்லை. காயத்துக்குக் கட்டுப் போட்ட மாதிரி இருந்தது பெட்டி.

அந்த ஒற்றைப் பெட்டியை மட்டும் ஓடவிட்டார்கள்.

"என்னங்க, கேக்குதா?"

குரல் பலகைக்குப் பின்னாலிருந்து ஒரு முழம் முன்னால் வந்திருந்தது. நிழல் உதிர்ந்திருந்தது. ஒரு சொல்லுக்கு ஒரு சொல்தான் கேட்டது. 'ச' என்றால் வெறும் 'ச'.

"அக்கா!" என்றாள் தங்கை. அதற்குமேல் அவளுக்குப் பேச்சு வரவில்லை. அதுவே அந்த வீட்டில் ஓர் அதிசயம்தான்.

சட்டக்காரர் உடனே பதிவை நிறுத்தினார். "இனி ஓட்ட வேண்டாம். ரெண்டு பெட்டிக்கும் ஒழுங்கா பண்ணிடறேன். பத்தாம் நாள் நீ நாற்காலியில உக்காந்து முழுசாக் கேளு. அப்புறம் சொல்லு."

ஒழுங்காக! அங்கேதான் அவர் சறுக்கினார்.

ஒன்பதாம் நாள் முழுவதும் பட்டறையை விட்டு வெளியே வரவில்லை. பூச்சி அரித்த ஓரங்களை அளவுகோல் வைத்து வெட்டி எறிந்தார். மனைவி போட்ட கோணல் ஓட்டை அவர் கண்ணை உறுத்தியது. இரண்டு துண்டுகளிலும் காம்பஸ் வைத்து, ட்வீட்டருக்கு மிகச் சரியாக நடு மையமாக, அப்பழுக்கில்லாத வட்டத்தை வெட்டினார். பசை தடவி ஒட்டினார். பட்டுத் துணியில் தைத்த பொத்தான் துளை மாதிரி அவ்வளவு அழகு.

பத்தாம் நாள் காலை. மச்சினியின் பை கட்டி வாசலில் தயாராக இருந்தது. மனைவி நாற்காலியில் அமர்ந்தார். கணவர் பொத்தானை அழுத்தினார்.

"என்னங்க, கேக்குதா?"

பழைய பாழ் இல்லை. ஆனால் எட்டாம் நாள் கேட்டதும் இல்லை. ஏதோ ஓரிடத்தில், ஒரே ஓரிடத்தில், குரல் ஒரு தகர டப்பாவின் ஓரத்தைத் தொட்டுவிட்டு வந்தது. மனைவி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கண்ணைத் திறந்தபோது சமையலறை வாசலைத்தான் பார்த்தார். ஆணியில் சிலேட்டு தொங்கியது.

சட்டக்காரரும் அதைப் பார்த்தார். சத்தியம் சத்தியம்தானே! பதினோரு மணி நேரம். விக்கல், மளிகைச் சாமான், திட்டு, எல்லாம் ஒரு விரல் அழுத்தில் போய்விடும். கருவியை எடுத்தார். அழிக்கும் பொத்தான் எது என்று அவருக்குத் தெரியும். விரல் அதன்மேல் போய் நின்றது.

"அத்தான், ஒரு நிமிஷம் இருங்க!" என்று மச்சினி குறுக்கே வந்தாள். "அன்னிக்கு அக்கா குத்தினது கந்தல் மாதிரி இருந்துச்சு. ஆனா பேசுச்சு. நீங்க ஒட்டினது கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு. ஊமையா இருக்கு. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

அவர் வட்டத்தைப் பார்த்தார். அந்த அப்பழுக்கில்லாத வட்டத்தை.

"எல்லா ஓரமும் ஒரே தூரம்" என்றார் மெல்ல. "வட்டம்னா மையத்துலேர்ந்து எல்லா ஓரமும் ஒரே தூரம்தானே. மிச்சம் மீதி சத்தம் எல்லாம் ஒரே நேரத்துல போய் இடிச்சு, ஒரே நேரத்துல திரும்பி, ஒண்ணாச் சேர்ந்து கத்துது. உன் அக்கா வெட்டினது கோணல். ஒண்ணு முன்னால, ஒண்ணு பின்னால... எதுவும் எதோடயும் சேராது. கரைஞ்சு போயிடும்."

"அப்போ கோணலா வெட்டுங்க!"

அவர் கத்தரிக்கோலை எடுத்து வட்டத்தின் ஓரத்தில் வைத்தார். வெட்டினார். வெட்டிய வெட்டு கோடு போட்டது போல் நேராக இருந்தது. அடுத்ததை, முதல் வெட்டுக்குச் சமமான இடைவெளியில், தன்னை அறியாமல் அளந்து வெட்டினார்.

"கடவுளே! கோணலா வெட்டத் தெரியாத ஒரே தச்சர் உலகத்துல எங்க அத்தான்தான்!" என்று மச்சினி தலையில் அடித்துக்கொண்டாள். அழுகையும் சிரிப்புமாக இருந்தது அவள் முகம்.

மனைவி நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். கணவரின் கையை, கத்தரிக்கோலோடு சேர்த்து, தன் கையால் பிடித்தார். சட்டக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு கைகளும் ஒன்றாக வெட்டின. ஆழமாக ஒன்று, மேலோட்டமாக ஒன்று, சாய்வாக ஒன்று, பாதியில் நிறுத்திய ஒன்று. குழந்தை கிறுக்கிய நட்சத்திரம் போல ஆனது ஓட்டை. இரண்டாவது பெட்டியிலும் அப்படியே. அவர் கண்ணைத் திறந்து பார்த்து முகம் சுளித்தார். ஆனால் சரி செய்யவில்லை.

மனைவி போய் உட்கார்ந்தார். தங்கை கதவோரம் நின்றாள். சட்டக்காரர் நாற்காலியின் பின்னால் நின்றுகொண்டார்.

பதிவு ஓடியது.

அந்தக் கணத்தை எப்படி எழுதுவது! அறையில் இரண்டு பெட்டிகள் இருந்தன. ஆனால் அவற்றிலிருந்து எதுவும் வரவில்லை. இரண்டுக்கும் நடுவே, வெறும் காற்றில், ஒருவர் உட்கார்ந்தால் வாய் இருக்கும் உயரத்தில், அவர் மனைவி பேசினார். உதடு பிரியும் மெல்லிய ஓசை கேட்டது. பேசுமுன் இழுக்கும் மூச்சு கேட்டது. வெயில் ஜன்னல் வழியாக வந்து அந்த வெற்றிடத்தில் விழுந்துகொண்டிருந்தது. அங்கே யாரும் இல்லை. அங்கே அவர் இருந்தார். செய்தித்தாளைப் புரட்டினார், தாளின் மடிப்பு எந்தப் பக்கம் விழுந்தது என்றுகூடத் தெரிந்தது. விக்கல் வந்தது. தங்கை தன்னை மறந்து தண்ணீர் டம்ளரை எடுத்துவிட்டு, அசட்டுத்தனமாகக் கீழே வைத்தாள். பெட்டி செய்வதையே வாழ்வாகக் கொண்டவரின் வீட்டில், அன்றைக்குப் பெட்டிகளே காணாமல் போயின.

குரல் எதையோ முணுமுணுத்தது, சிரித்தது, கொஞ்சம் நிறுத்தியது. பிறகு சற்றே உரக்க, சமையலறைப் பக்கம் திரும்பிச் சொல்வது போல,

"என்னங்க... அடுப்புல பால் இருக்கு. பொங்கிடப் போகுது, பாருங்க!"

"இதோ!" என்றார் சட்டக்காரர். வேகமாகச் சமையலறைக்குள் போனார்.

அடுப்பு எரியவில்லை. அதன்மேல் பாத்திரம் எதுவும் இல்லை. குளிர்ந்த அடுப்பின் முன்னால், கையில் பிடிதுணியோடு நின்றார் அவர். அப்போதுதான் உறைத்தது. பிடிதுணியை முகத்தில் அழுத்திக்கொண்டார்.

"அத்தான்! சீக்கிரம் வாங்க, அக்காவைப் பாருங்க!"

பதறிப்போய்க் கூடத்துக்கு ஓடி வந்தார். மனைவி நாற்காலியில் குனிந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். சத்தம் இல்லை. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. மூன்று மாதத்தில் அதுதான் முதல் சிரிப்பு. காற்றில் இன்னும் அவர் குரல் ஓடிக்கொண்டிருந்தது: "பாத்தீங்களா, அடுப்பை அணைச்சீங்களா?"

"அணைச்சிட்டேன்மா" என்றார் அவர், காற்றைப் பார்த்தா, மனைவியைப் பார்த்தா என்று தெரியாமல்.

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். தரையில் கிடந்த ஃபெல்ட் துணுக்கு ஒன்றைப் பொறுக்கினார். சமையலறை வாசலுக்குப் போய், ஆணியிலிருந்து சிலேட்டைக் கழற்றினார். பத்து நாளாகத் தொங்கிய மூன்று வரிகளை, அந்தச் சாம்பல் நிறத் துணுக்கால், மேலிருந்து கீழாக, ஓர் எழுத்துகூட மிச்சம் வைக்காமல் துடைத்தார்.

பிறகு நாற்காலிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து கேட்கத் தொடங்கினார்.